கதவில் இருந்த எண்

சாவி ஆட்டுத் தொட்டியில் விழுந்தது.
பூச்சி மருந்து கலந்த ஆறாயிரம் லிட்டர் வெள்ளைத் தண்ணீர்,
எழுநூறு செம்மறிகள் முங்கி எழுந்த அழுக்கு வேறு.
குனிந்தேன், சட்டைப் பையிலிருந்து நழுவியது.
சத்தம்கூட இல்லை.
கயிற்றில் காந்தம் கட்டி இறக்கினோம். ஒரு லாடம் வந்தது.
பித்தளைக்கும் காந்தத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது
லாடத்தைக் கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

எழுபத்தொன்றாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்.
அண்ணன் வில்மாருக்குப் பாதி, எனக்குப் பாதி.
அவன் மொந்தெவிதேயோவில் இருக்கிறான்,
வண்டி முழுசாக என்னிடம் இருக்கிறது.

தக்வாரெம்போவிலிருந்து உபால்தோ வந்தார்,
சாவி வெட்டும் இயந்திரத்தை
மோட்டார் சைக்கிளின் பின்னால் போர்வை சுற்றிக் கட்டிக்கொண்டு.
மாத்தே கொடுத்தேன். உறிஞ்சிக்கொண்டே
வலப்பக்கக் கதவின் தகட்டைக் கழற்றினார்,
பூட்டை உருவினார், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டு
அதன் இடுப்பில் பொறித்திருந்த நான்கு இலக்கத்தைப் படித்தார்.
அட்டை கிழிந்த நோட்டில் விரல் ஓடியது.
"பழைய சாவி கையில் இருந்தாலும் அதைப் பார்த்து வெட்ட மாட்டேன்.
தேய்மானத்தையும் சேர்த்து வெட்டின மாதிரி ஆயிடும்.
எண் தேயாதும்மா."

புதுச் சாவியால் கதவு பூட்டியது. திறந்தது.
நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.
இந்தப் பக்கம் வண்டியைப் பூட்டுவது
பக்கத்துப் பண்ணைக்காரனைத் திட்டுவதற்குச் சமம்.

டாஷ்போர்டில் நுழைந்தது. திரும்பவில்லை.
எண்ணெய் விட்டார். ஊதினார். ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்,
என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.
அப்புறம் அந்தப் பூட்டையும் வெளியே எடுத்து
இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
"இது ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளை இல்லையே.
யாரோ மாத்தியிருக்காங்க."
யாரும் மாற்றவில்லை என்றேன்.
சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன்.

வில்மாருக்கு ஃபோன் போட்டேன்.
பின்னால் கால்பந்துச் சத்தம். அதைக் குறைத்தான்.
"எண்பத்துமூணு," என்றான்.
"வித்துட்டேன். பதினோரு நாள்."

கேஸ்கெட் போயிடுச்சு, பட்டறையில் நிக்குது என்றல்லவா சொன்னான்.
பதினோரு நாள் பால் கேன்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி
நெடுஞ்சாலைவரை மூன்று கிலோமீட்டர் தள்ளினேன்.
ஏழாம் நாள் மழை பிடித்தது, விடவே இல்லை.
கடைசி நாள் வண்டியோடு வந்து இறங்கினான்.
கையில் எனக்கென்று ஒரு நீல மழைக்கோட்டு.

"வாங்கினவன் வண்டியைத் தந்தான், சாவியைத் தரமாட்டேன்னுட்டான்.
வீம்பு. அதான் பூட்டையே மாத்தினேன்."
எதுக்கு வித்தே?
"ரிவேராவில ஒருத்தி. அதை விடு, நெலிதா."
விட்டேன். ஆட்டு ரோம விலை பேசினோம், கொஞ்சம்.

கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது,
முழங்கையில் டிராக்டர் டியூப் ஒட்டுப் போட்டு.
இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று
அதைக் காட்டி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
இனியும் சொல்வேனோ என்னவோ.
தண்ணீர் உள்ளே விட்டதில்லை, அதைச் சொல்லலாம்.

பொழுது சாயும்வரை உபால்தோ
அரிசி அளவுத் தகடுகளை இடுக்கியால் மாற்றி மாற்றி வைத்தார்,
டாஷ்போர்டுப் பூட்டு கதவின் சாவிக்குப் பணிகிறவரை.
வண்டி இருமியது. புகைக்குப் பயந்து நாய் ஓடியது.
"எத்தனை சாவி வேணும்?"
ரெண்டு என்றேன்.
ஒன்றை உறையில் போட்டு வில்மாரின் விலாசம் எழுதினேன்.
கூட ஒரு வரி எழுதலாமென்று பேனாவை எடுத்தேன்.
பிறகு ஒட்டிவிட்டேன்.

மார்ச்சில் தொட்டியை இறைப்போம்.
அடிச்சேற்றோடு அந்தச் சாவியும் வரும்,
இப்போது அதற்கு எந்தப் பூட்டும் இல்லை.
வரட்டும். கழுவிப் பார்க்க வேண்டும்,
எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று.